பொங்கல் கட்டம்

ஆவணி பிறந்த முதல் திங்கட்கிழமை, கடையைத் திறந்து சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிய கையோடு, சின்ன முதலாளி அரங்கநாதன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"இனிமே முன் கவுன்ட்டர்ல நிக்கிற லேடீஸ் எல்லாரும் சீசன் டிரஸ்லதான் வரணும். ஜார்ஜெட்டு, பஃப் கை, கண்ணாடி வேலை, எது ஓடுதோ அது. பழைய நூல் புடவையைக் கட்டிக்கினு நின்னா, பாக்கறவங்களுக்குப் புதுசு வாங்கணும்னு எப்படித் தோணும்?"

எல்லாருக்கும் பொதுவாகச் சொன்ன மாதிரிதான் சொன்னான். ஆனால் பார்த்தது சவுரியம்மாளை மட்டும்தான்.

விழுப்புரம் கடைத்தெருவில் மாசிலாமணி ஜவுளிக்கடையைத் தெரியாதவர்கள் அப்போது கிடையாது. பெரியவர் மாசிலாமணி தரையில் பாய் விரித்து உட்கார்ந்து வியாபாரம் செய்த கடை. மகன் அரங்கநாதன் மெட்ராஸில் படித்துவிட்டு வந்தான். வந்த வேகத்தில் பாயைச் சுருட்டினான், கண்ணாடிக் கதவு போட்டான், வாசலில் 'மாசிலாமணி சில்க்ஸ்' என்று விளக்கில் எழுதினான். பெரியவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் ஒதுங்கிக்கொண்டார். அந்த எண்பத்தாறாம் வருஷத் தீபாவளிதான் புதுக் கடைக்குத் தலைத் தீபாவளி மாதிரி. போட்ட காசு திரும்புமா என்று பையனுக்குப் பயம். அதை யார் மேலாவது காட்ட வேண்டாமா?

"புடவை வேணுங்கறவங்க நம்ம கடையிலயே எடுத்துக்கலாம், சம்பளத்துல பிடிச்சிக்கறேன். முடியாதவங்க ஆயுத பூஜையிலருந்து குடோன்ல இருக்கட்டும். மடிக்கிறதுக்கும் சீட்டு ஒட்டறதுக்கும் அங்கயும் ஆள் வேணும்" என்றான்.

குடோன் எப்படி இருக்கும் என்று சவுரியம்மாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் அங்கிருந்து வந்தவள்தான். ஏழெட்டு வருஷம் அந்த இருட்டறையில் புடவை மடித்தவள். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் ஆள் பற்றாமல் பெரியவர் அவளை முன்னால் கூப்பிட்டார். கூப்பிட்டவர் அவள் வியாபாரம் செய்த அழகைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவில்லை. அன்றிலிருந்து முன் கவுன்ட்டர் அவள் இடம். திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சர் வண்டியில் வருவாள். நாற்பது வயசு. கணக்காகக் கொசுவம் வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டிக்கொண்டு நிற்பாள்.

அந்த இடம் அவளுக்குச் சும்மா நிற்கிற இடமில்லை. அவளைப் பெற்ற அம்மணி ஒலக்கூர் பக்கத்துக் காலனிக்காரி. ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில், மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்தவள். அம்மணி ஜவுளிக்கடைப் படி ஏறியதே இல்லை. தெருவில் நின்று கையைக் காட்டுவாள், துணி உள்ளேயிருந்து வந்து விழும். அப்படிப்பட்டவளுடைய மகள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்று ஊரையே கூப்பிடுகிறாள். அதை விட்டுக்கொடுத்துவிட்டுக் குடோனுக்குப் போவாளா?

"ஜார்ஜெட்டு எனக்கு வேணாங்க சின்ன மொதலாளி" என்றாள். "என்கிட்ட இருக்கிற புடவையிலயே சீசனைக் காட்டறேன்."

அரங்கநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காட்டுங்க சவுரியம்மா, பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தாள். மொத்தமே ஐந்து நல்ல புடவைகள். கல்யாணத்து அரக்குப் பட்டு. நெசவாளர் சொசைட்டியில் எடுத்த கருநீலம், கோபுரக் கரை. பாலாடை நிறத்தில் ஒரு மெல்லிய வாயில் புடவை. இலைப்பச்சையில் ஒரு பூகூட இல்லாத வெறும் நூல் புடவை. எல்லாமே பத்து வருஷம் கழித்துக் கட்டினாலும் கண்ணை உறுத்தக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எடுத்தவை. ஐந்தாவது, பெட்டியின் அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தது. அதை அவள் தொடவில்லை.

அரிசி ஆலையில் வேலை செய்கிற அவள் புருஷன் இருதயராஜ் வாசலில் உட்கார்ந்து பீடியைத் தேடிக்கொண்டிருந்தான். "ரெண்டு ஜார்ஜெட்டை எடுத்துத் தொலையேன். எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றான்.

"அடுத்த வருஷம் அவன் வேற ஒண்ணு சொல்வான். அதுக்கும் எடுக்கணும். அதுக்கடுத்த வருஷம்? பொட்டி ரொம்பிடும், கட்டிக்க ஒண்ணு இருக்காது."

முதலில் பாலாடை வாயிலை எடுத்தாள். எடுத்தவள் ஒரேயடியாக எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டினாள். கரைக்கு லேஸ். ஜாக்கெட்டில் கண்ணாடி. கைக்குப் பஃப். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் தையல் மெஷின் போட்டிருந்த வெங்கடாசலம் பஃப் கை என்று கேள்விப்பட்டிருந்தாரே தவிர, ஒன்றும் தைத்ததில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிவிடுகிற மனுஷரா அவர்! "பஃப்புன்னா சும்மா நிமிந்துக்கினு நிக்கணும்" என்று உள்ளே காலருக்கு வைக்கிற விறைப்புத் துணியை வைத்துத் தைத்துவிட்டார்.

திங்கட்கிழமை பாசஞ்சர் வண்டியில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார முடியவில்லை. கடைக்குள் நுழைந்ததும் அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்சவள்ளி பக்கத்துக் கவுன்ட்டர் பெண், சவுரியம்மாளுக்குச் செல்லம். அதனால் பயம் கிடையாது. "அக்கா, இன்னாக்கா இது? ரெண்டு தோள்லயும் பன்னு வச்சிக்கினு வந்திருக்கே!" என்றாள். புடவை எடுக்க வந்த ஒருத்தியின் கைக்குழந்தை, முதுகில் இருந்த கண்ணாடி ஒன்றைப் பிய்த்து வாயில் போடப் பார்த்தது. அரங்கநாதன் கல்லாவுக்குள் எதையோ தேடுகிற சாக்கில் குனிந்து சிரித்தான்.

வேறு யாராக இருந்தாலும் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியான வண்டியைப் பிடித்திருப்பார்கள். சவுரியம்மாள் அந்த இரண்டு பன்னோடும் சாயங்காலம் வரைக்கும் நின்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் நின்றாள். ஊருக்கு வந்து மாற்றிக்கொண்டதும் நேராக வெங்கடாசலத்திடம் போய் ஜாக்கெட்டை மெஷின் மேல் வைத்தாள்.

"அந்த விறைப்புத் துணியைப் பிடுங்குய்யா."

"சீசன்மா அது!"

"சீசன் தோளோட நிக்கட்டும். காது வரைக்கும் வர வேணாம்."

அன்று ராத்திரி வண்டியில் வரும்போதே அவளுக்குப் புத்தியில் உறைத்திருந்தது. புடவை அப்படியே இருக்க வேண்டும். அதைச் சுற்றி ஏதாவது ஒன்று மட்டும் மாற வேண்டும். கையோ, கழுத்தோ, கலரோ, ஏதோ ஒன்று. எல்லாம் சேர்ந்து மாறினால் பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் புடவையும் தெரியாது, ஆளும் தெரியாது.

அடுத்த வாரம் கருநீலப் புடவைக்குக் கடுகு மஞ்சளில் ஜாக்கெட், கையில் எலுமிச்சங்காய் அளவுக்குப் பஃப். அவ்வளவுதான். அம்சவள்ளி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ம்ம், இது நல்லாத்தான் இருக்குதுக்கா" என்று இழுத்தாள். அதற்கடுத்து இலைப்பச்சைக்கு முந்தானையில் மட்டும் கண்ணாடி வைத்த பட்டையைத் தளர்த்தியாக நூல் ஓட்டி வைத்தாள். சீசன் போனால் நூலைப் பிரித்துவிடலாம், புடவையில் ஓட்டை விழாது. அரக்குப் பட்டுக்கு ஒன்றுமே வாங்கவில்லை; வடநாட்டுக்காரிகள் மாதிரி முந்தானையை முன்பக்கம் விரித்துப் போட்டுக் கறுப்பு ஜாக்கெட் போட்டாள். இருபது வருஷமாக முதுகுக்குப் பின்னால் கிடந்த சரிகை முதல் தடவையாக ஊர் கண்ணில் பட்டது.

கேட்க ஆரம்பித்தார்கள். "உங்க புடவை மாதிரி இருக்குதாம்மா?" நர்சு கேட்டாள், வாத்தியாரம்மா கேட்டாள், கோர்ட்டில் டைப் அடிக்கிற பெண் கேட்டாள். இருந்தால்தானே கொடுக்க! எல்லாம் கடையிலேயே இல்லாத பழைய புடவை. சவுரியம்மாள் சளைக்கவில்லை. "உங்க ஊட்டுப் பொட்டியிலயே நல்ல புடவை ஒண்ணு இருக்கும் பாருங்க. எடுத்துக்கினு வாங்க. அதுக்குத் தோதா ஜாக்கெட் துணி நான் காட்டறேன்" என்றாள். அவர்களும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஜாக்கெட் துணியும் லேஸும் மளமளவென்று ஓடின.

அரங்கநாதனுக்கு இது வேறு தலைவலி. ஒருநாள் மத்தியானம் அவளை ஓரமாகக் கூப்பிட்டான். "நல்லாத்தான் கட்டறீங்க, இல்லேங்கலை. ஆனா பழைய புடவையைக் கட்டுங்கன்னு சொல்றதுக்கா நான் கடை வச்சிருக்கேன்? ஜாக்கெட் பிட்டு வித்து கரன்ட் பில்லு கட்ட முடியுமா? நீங்க கட்டிக்கினு வர்ற புடவையைப் பாத்து ஜனங்க புடவை வாங்கணும். ஆயுத பூஜைக்குள்ள அப்படி ஒண்ணு நடக்கலேன்னா குடோன்தான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். நான்கையும் கட்டியாகிவிட்டது. ஐந்தாவதைப் பிரித்தாள்.

செங்காவி நிறம். அதில் கறுப்புக் கோடு ஓடிய பெரிய பெரிய கட்டம். விரலகலத்துக்கு மஞ்சள் கரை. கனமான நூல். பொங்கல் புடவை. ஒலக்கூர் பக்கத்தில் வசதியான குடும்பங்கள் கொல்லை வேலை செய்கிற பெண்களுக்கு வருஷா வருஷம் பொங்கலன்று கொடுத்து வந்தது; அது நின்றுபோய்ப் பல வருஷமாகிறது. கட்டுக் கட்டாக வாங்குவார்கள். எல்லாருக்கும் ஒரே கட்டம். ஒரு மைல் தூரத்தில் வரப்பில் குனிந்திருந்தாலும் இவள் கூலிக்காரி என்று தெரிய வேண்டும். அதற்காகவே அந்தக் கட்டம். அந்த வீட்டுப் பெண்கள் செத்தாலும் அதைக் கட்ட மாட்டார்கள்.

கொடுக்கிற விதமும் சின்ன வயசில் சவுரியம்மாள் கண்ணால் பார்த்ததுதான். அம்மணி வாசலுக்கு வெளியே முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். படியில் நிற்கிறவர்கள் மேலிருந்து போடுவார்கள். கை படக் கூடாது. முந்தானையில் 'தொப்'பென்று விழும். அம்மணி தலை குனிந்து, "வர்றேங்க ஆண்டையம்மா" என்பாள்.

சவுரி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த வருஷத்துப் புடவையை மட்டும் அம்மணி கட்டவில்லை. சுற்றி வைத்துவிட்டாள். மகள் ஒருநாள் அதைக் கட்டிக்கொள்ள எடுத்தபோது பிடுங்கிக்கொண்டாள். "கூலிக்காரி புடவை உனக்கு வேணாம்டி" என்றாள். "அப்ப தூக்கிப் போடேன்" என்றாள் மகள். "நூலு நயமா இருக்குதுடி, மனசு வரலியே" என்று அம்மா பெட்டியின் அடியில் வைத்தாள். அம்மா போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது.

சவுரியம்மாள் புடவையை மடியில் விரித்து நூலைத் தடவிப் பார்த்தாள். கட்டினால் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் பார்த்தால் கூலிக்காரி என்பார்கள். சொல்லட்டுமே! கூலிக்காரி மகள்தானே? அப்புறம் கருங்கத்தரிப்பூ நிறத்தில் இருந்த ஒரு ஜாக்கெட்டை எடுத்துக் கட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். அடேயப்பா! இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக் கொடுத்தன.

"தலை போனாலும் இதைக் கட்டிக்கினுதான் போவேன்" என்றாள் புருஷனிடம். அவன் எழுந்துபோய்த் தேங்காய்த் தொட்டியில் நெருப்புப் போட்டு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

மறுநாள் காலையிலிருந்தே கேள்விதான். "இது இன்னா புடவை? எங்க எடுத்தீங்க?" அம்சவள்ளிகூட முந்தானையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அரங்கநாதன் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டே இருந்தான்.

மத்தியானம் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கியவரைக் கண்டதும் சவுரியம்மாளுக்குப் பக்கென்றது. ஒலக்கூர் கெங்கம்மாள். அம்மணி முந்தானையை விரித்து நின்ற அதே வீட்டு மருமகள். சின்ன வயசுக்காரியாகப் படியில் நின்று பொங்கல் புடவையைப் போட்டவள். இப்போது தலை நரைத்து, கழுத்தில் கனமான சங்கிலியோடு, புதுசாகக் கல்யாணமான மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மகளுக்குத் தலைத் தீபாவளி ஜவுளி. வீடு மொத்தத்துக்கும் துணி எடுப்பார்கள்.

கெங்கம்மாளுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அரங்கநாதன் எடுத்துப் போட்ட ஜார்ஜெட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மகளும் உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் மகளின் பார்வை சவுரியம்மாள் மேல் விழுந்தது.

"அம்மா, அவங்க கட்டியிருக்காங்களே, அது!"

கெங்கம்மாள் எழுந்து வந்து சவுரியம்மாளின் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். அந்த ஜாக்கெட்டோடு பார்த்ததில் அவளுக்குப் புடவையும் பிடிபடவில்லை. "இன்னா நயம்டி! கையில நிக்குது பாரு. இதே மாதிரி எடுத்துப் போடுப்பா. எந்த ஊரு நெசவு இது?"

அரங்கநாதன் பாய்ந்து வந்தான். "மெட்ராஸ் மாடலுங்கம்மா. லேட்டஸ்ட்டு. ஒரே வாரத்துல வரவழைச்சிடறேன்." சொல்லிக்கொண்டே சவுரியம்மாளுக்குக் கண் ஜாடை காட்டினான்.

தலையை ஆட்டியிருந்தால் தீர்ந்தது. வியாபாரம் நடந்துவிடும், முன் கவுன்ட்டர் அவளுக்குத்தான். ஆனால் யாருக்கும் தெரியாமல் கட்டிக்கொள்ளவா அதைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்?

"இல்லீங்கம்மா" என்றாள். "இது ஒலக்கூருங்க. உங்க ஊட்டுப் பொங்கல் புடவை. நான் அம்மணி பொண்ணு, சவுரி."

கெங்கம்மாள் முந்தானையைச் சட்டென்று விட்டாள். விட்ட விரல்களைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. கை அதுவாகவே துடைத்தது. சவுரியம்மாள் அந்தக் கையையே பார்த்தாள்.

"நம்ம ஊட்டுப் புடவையாம்மா?" என்றாள் மகள், ஒன்றும் புரியாமல். "அப்ப எனக்கு ஏன் எடுத்துத் தரலே?"

"அது நாம கட்ற புடவை இல்லடி."

"அவங்க கட்டினா நல்லாத்தானே இருக்குது?"

கெங்கம்மாள், "எழுந்திரு, போலாம். பாண்டிச்சேரியில பாத்துக்கலாம்" என்று மகளை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். கார் கிளம்பிப் போய்விட்டது.

அரங்கநாதனுக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. "தலைத் தீபாவளி ஜவுளி! குடும்பத்துக்கே எடுத்திருப்பாங்க! உன் பழைய கதையை இங்கதான் வச்சி சொல்லணுமா? ஆயுத பூஜை வரைக்கும்கூட வேணாம். இப்பவே குடோனுக்குப் போ!"

மரியாதையும் போய்விட்டது. பெரியவர் மாசிலாமணி நாற்காலியிலிருந்து வாயைத் திறந்தார், ஆனால் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சவுரியம்மாள் குடோனுக்குப் போனாள்.

போய் அழுதாளா என்றால், அழுதாள்தான். ஆனால் பாவப்பட்டு அழவில்லை, ஆத்திரத்தில் அழுதாள். பொய் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நிமிஷம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்தத் துடைத்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் குடோனைக் கழுவித் துடைக்கிற வேலை. அரங்கநாதன் வாசலில் நின்று பரணைக் காட்டினான். "மேல ஒரு பழைய மூட்டை கிடக்குது, ஓடாத சரக்கு. பிரிச்சிக் கிழிச்சித் தொடைக்க எடுத்துக்கோங்க."

சவுரியம்மாளும் அம்சவள்ளியும் சேர்ந்து மூட்டையை இறக்கினார்கள். ஒரே தூசு. கயிற்றை அறுத்து, மேலே இருந்த சாக்கை விலக்கினாள். செங்காவி. கறுப்புக் கட்டம். மஞ்சள் கரை. மடிப்புக் கலையாமல் அடுக்கடுக்காக, மூட்டை முழுக்க.

"அக்கா, இது உன் புடவைக்கா!" என்று அம்சவள்ளி கத்தினாள்.

சவுரியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மூட்டையை அப்படியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்து முன் கவுன்ட்டரில் 'தொம்'மென்று வைத்தாள். அரங்கநாதன் பதறிப் போனான்.

"இதைக் கிழிக்க என்னால முடியாதுங்க" என்றாள். "தீபாவளி வரைக்கும் எனக்கு இந்த இடத்தைக் குடுங்க. இதுல ஒண்ணுகூட மிச்சமில்லாம வித்துக் காட்டறேன். வித்தா இந்த இடம் எனக்கு. விக்கலேன்னா மிச்சத்தை நானே கிழிச்சித் தொடைச்சிட்டு ஊட்டுக்குப் போறேன். குடோனும் வேணாம், உங்க வேலையும் வேணாம்."

"இன்னா சவுரியம்மா, மெரட்டறீங்களா?"

பெரியவர் எழுந்து வந்துவிட்டார். மூட்டையைத் தடவிப் பார்த்தார். "பொங்கல் கட்டம்டா இது" என்றார் மகனிடம். "தறிக்குச் சொல்லி நான்தான் நெய்ய வைப்பேன். ஒலக்கூர், மயிலம், சுத்துப்பட்டு எல்லாத்துக்கும் நான்தான் போடுவேன். ஒரு வருஷம் எல்லாரும் புடவைக்குப் பதிலாக் காசு குடுத்துட்டாங்க, கட்டு அப்படியே நின்னுபோச்சு. நீ கிழிக்கச் சொன்னியே, என் கைக்காசுடா அது. வைக்கட்டும். வித்தா உனக்குத்தானே லாபம்?"

லாபம் என்ற சொல் அரங்கநாதனுக்குப் புரிகிற பாஷை. தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தான்.

சவுரியம்மாள் ஒரு புடவையையும் தனியாக வைக்கவில்லை. ஒன்றுக்குக் கருங்கத்தரிப்பூ ஜாக்கெட் துணி, ஒன்றுக்குக் கிளிப்பச்சை, ஒன்றுக்குக் கறுப்பில் கண்ணாடி வேலை என்று ஜோடி சேர்த்து மாட்டினாள். வந்தவர்கள் கேட்டால் மறைக்கவில்லை. "கொல்லை வேலை செய்யற பொம்பளைங்களுக்குன்னே நெய்த புடவைங்க. வெயிலு, மழை, சேறு எதுக்கும் அசையாது. இந்த வருஷம் பஃப் கை வச்சி கட்டிக்கோங்க. அடுத்த வருஷம் வேற எது வந்தாலும் அதை வச்சி கட்டிக்கோங்க. புடவை இதேதான்." நர்சு ஒன்று எடுத்தாள், மறுநாள் வார்டில் இருக்கிற தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காலேஜ் பெண்கள் வந்தார்கள். பெயர் அதுவாக ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் கதவைத் திறக்கும்போதே, "பொங்கல் கட்டம் இருக்குதா?" என்றார்கள். அரங்கநாதன் சத்தமில்லாமல் தறிக்காரர்களுக்கு ஆள் அனுப்பினான்.

தீபாவளிக்கு இன்னும் சில நாள்தான். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. அந்தப் பழைய மூட்டையில் ஒரே ஒரு புடவை மீந்திருந்தது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வந்து நின்றாள், கெங்கம்மாளின் மகள். பின்னாலேயே கெங்கம்மாள். பாண்டிச்சேரியில் தேடியும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. முகத்தில் அலைச்சல் தெரிந்தது.

"அக்கா, எனக்கு அந்தக் கட்டம் வேணும்" என்றாள் மகள். "என் கூடப் படிச்சவங்க எல்லாம் கட்டிட்டாங்க."

கெங்கம்மாள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எடு. அவ கேக்கறா" என்றாள்.

சவுரியம்மாள் எடுத்தாள். எல்லாருக்கும் காட்டுகிற மாதிரியே பிரித்துக் காட்டினாள், முந்தானையை விரித்துக் காட்டினாள், அந்தப் பெண்ணின் நிறத்துக்குக் கிளிப்பச்சை ஜாக்கெட் துணியைத் தேடி எடுத்து மேலே வைத்துக் காட்டினாள். ஒரு குறையும் வைக்கவில்லை. மகள் பில் போடுகிற இடத்துக்கு ஓடினாள். சவுரியம்மாள் புடவையை மடித்துக் காகிதத்தில் சுற்றினாள்.

"இங்க வை" என்று கெங்கம்மாள் கவுன்ட்டர் பலகையைக் காட்டினாள்.

சவுரியம்மாள் வைக்கவில்லை. பொட்டலத்தை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றாள். படியும் முந்தானையும் அந்த 'தொப்' சத்தமும் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. 

"கையில வாங்கிக்கங்கம்மா."

பின்னால் நின்றவர்கள், "ஜல்தி ஆவட்டும்மா, எங்களுக்கு வண்டி இருக்குது" என்று நெருக்கினார்கள். அரங்கநாதன் கல்லாவிலிருந்து பார்த்தான்; இந்தத் தடவை ஜாடை ஒன்றும் காட்டவில்லை. பெரியவரும் பார்த்தார். கெங்கம்மாள் முதல் தடவையாக சவுரியம்மாளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் மெதுவாக, ஒரு கையை நீட்டினாள். பொட்டலம் கனம். இரண்டாவது கையையும் நீட்டினாள்.

சவுரியம்மாள் போடவில்லை. அந்த இரண்டு கையிலும் விரல் பட, அழுத்தி வைத்தாள். "நல்லபடியாக் கட்டிக்கட்டும்" என்றாள்.

கெங்கம்மாள் போன பிறகு வெறும் சாக்கை மடித்துக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அடுத்து யாருங்க? வாங்கம்மா, முன்னால வாங்க. புதுக்கட்டு நாளைக்கு வந்துடும்."